இங்கிலாந்து கால்வாய்ல போட் ஹாலிடே: எந்த ரூட் எடுக்குறது? அடிக்கடி வர்ற கேள்விகள்

லண்டன், பாரிஸ், ஸ்விஸ்னு சுத்தி முடிச்ச நம்ம ஆளுங்க மலேசியாவுல கேஎல்லயும் பினாங்குலயும் இப்ப விசாரிக்க ஆரம்பிச்சிருக்குறது இந்த நேரோபோட் சமாச்சாரம். ரயில் வர்றதுக்கு முன்னாடி நிலக்கரி, பீங்கான், இரும்பு எல்லாம் ஏத்திட்டுப் போக வெட்டின கால்வாய் இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் இன்னும் ஓடுது, சுமார் 2,000 மைல் நீர்வழிய 2012லேர்ந்து கேனல் அண்ட் ரிவர் ட்ரஸ்ட்னு ஒரு அறக்கட்டளை பாத்துக்குது. 7 அடிக்கும் கொஞ்சம் கம்மியான அகலத்துல, சில சமயம் 70 அடி நீளத்துல ஒரு போட், உள்ள கட்டில் கிச்சன் ஷவர் டாய்லெட் எல்லாம் இருக்கும், ஓட்டுறது நாமதான். புக் பண்றதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விங்கள கீழ போட்டிருக்கேன்.

ரூட் பாக்குறப்ப மொதல்ல எத பாக்கணும்?

போட்டோவ இல்ல. யார் யார் வர்றாங்கன்னு பாருங்க. லாக் (போட்ட மேட்டுல ஏத்தி இறக்குற தண்ணித் தொட்டி, கீழ விவரமா சொல்றேன்) கதவ தள்ளுற அளவுக்கு தெம்பு உள்ள பெரியவங்க எத்தன பேரு, முட்டி வலிக்காரங்க எத்தன பேரு, ஓடி ஆடுற வாண்டு எத்தன. அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் ஓட்ட ஆசைப்படுறீங்க. இந்த ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதிட்டு மேப்ப திறங்க. பெரும்பாலானவங்க தலைகீழா பண்றாங்க, ஊர் பேர் பாத்து ஆசப்பட்டு, அப்புறம் ஆளுங்கள அந்த ரூட்டுக்குள்ள அமுக்குறாங்க, அங்கதான் சண்டையே ஆரம்பிக்குது.

ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் போலாம்?

கால்வாய்ல வேக வரம்பே மணிக்கு 4 மைல். அதுவும் கரையில கட்டி வச்சிருக்க போட்டுங்கள தாண்டும்போது இன்னும் மெதுவா போகணும், இல்லாட்டி உள்ள டீ குடிச்சிட்டிருக்கவர் கப்போட வெளிய வந்து பேசுவாரு. தைப்பூச வெள்ளி ரதத்த விட கொஞ்சம் வேகம், அவ்ளோதான்.

கணக்கு ரொம்ப சுலபம். ரூட்ல இருக்க மைலையும் லாக்கையும் கூட்டுங்க, 3ஆல வகுங்க. வர்றது மணி நேரம். பழக்கமானவங்க இத விட வேகமா போவாங்க, புதுசா போறவங்களுக்கு 3தான் சரி. ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். ஃபோர் கவுண்டீஸ் ரிங்னு ஒரு பிரபலமான ரூட் இருக்கு, 110 மைல், 94 லாக். கூட்டினா 204, வகுத்தா 68 மணி நேரம். "ஒரு வாரம் இருக்கே"ன்னு தோணும், ஆனா சனிக்கிழம எடுத்தா மத்தியானம் மூணு மணி வாக்குலதான் போட்ட கையில குடுப்பாங்க, ஒரு மணி நேரம் பாடம் நடத்துவாங்க, அடுத்த சனிக்கிழம காலைல ஒம்பது மணிக்கெல்லாம் திருப்பிக் குடுக்கணும். ஆக முழு நாள்னு பாத்தா ஆறுதான். ஒரு நாளைக்கு பத்து பதினோரு மணி நேரம் நின்னுட்டே ஓட்டுறதுக்கு எதுக்கு லீவு, ஆபீஸுக்கே போயிடலாமே.

குடும்பத்தோட போறவங்களுக்கு என் கணக்கு ஒரு நாளைக்கு நாலு, மிஞ்சினா அஞ்சு மணி நேரம். ஒரு வாரத்துக்கு 25 மணி நேரத்துக்குள்ள முடியுற ரூட்டா பாருங்க. மிச்சம் இருக்குற நேரம்தான் ஹாலிடே.

லாக்குன்னா அப்படி என்ன பெரிய வேல?

மேட்டுல ஏற, பள்ளத்துல இறங்க கால்வாய்ல கட்டியிருக்க தண்ணித் தொட்டிதான் லாக். போட் கீழேர்ந்து மேல போகணும்னு வைங்க. தொட்டில தண்ணி கீழ் மட்டத்துல இருக்கணும், கீழ் கதவத் திறந்து போட் உள்ள போகும், கதவ சாத்தணும், அப்புறம் கைப்பிடி மாட்டி சுத்தினா மேல்பக்கத்து ஷட்டர் தூக்கி தண்ணி உள்ள வரும், தொட்டி ரொம்பின பிறகு மேல் கதவு திறக்கும். அந்தக் கைப்பிடிக்கு வின்ட்லாஸ்னு பேரு, எல் வடிவத்துல ஒரு இரும்பு. தண்ணி மட்டம் ரெண்டு பக்கமும் சமமாகாம எத்தன பேரு சேந்து முட்டினாலும் கதவு அசையாது, சமமானதும் கதவுலேர்ந்து நீட்டிட்டு இருக்க உத்தரத்துல முதுக சாச்சு பொறுமையா தள்ளினா போதும், ஒரு பதினாலு வயசு புள்ளகூட திறந்திரும். ஒரு லாக்குக்கு பத்து பதினஞ்சு நிமிஷம், முன்னால ரெண்டு போட் காத்திருந்தா அர மணி நேரம்.

இறங்கும்போதுதான் கவனமா இருக்கணும். மேல் கதவுக்கு அடியில சில்னு சொல்ற ஒரு கல் படி தொட்டிக்குள்ள நீட்டிட்டு இருக்கும், தண்ணி ரொம்பி இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. தண்ணி இறங்கறப்ப போட்டோட பின்பக்கம் அது மேல உக்காந்துட்டா முன்பக்கம் மட்டும் கீழ போயி போட்டே முழுகிரும். சுவத்துல வெள்ள கோடு போட்டிருப்பாங்க, போட்டோட வால் அந்த கோட்ட தாண்டி முன்னாடியே நிக்கணும். டில்லர், அதாவது போட்ட திருப்புற கட்டைய புடிக்கிறவரு அந்த நேரத்துல போன் பாக்கக் கூடாது, ஷட்டர் சுத்துறவங்க போட்டுலேர்ந்து கண்ண எடுக்கக் கூடாது. ஏதாவது சத்தம் கேட்டா உடனே ஷட்டர இறக்கணும், காரணம் அப்புறம் கேட்டுக்கலாம்.

அம்மா அப்பாவுக்கு எழுபது வயசு. கூட்டிட்டுப் போலாமா?

தாராளமா. ஆனா லாக் வேலையில அவங்கள சேக்காதீங்க, லாக் கதவு மேல இருக்குற குறுகலான பலகையில நடந்து அந்தப் பக்கம் போறது முட்டி வலிக்காரங்களுக்கு ஆகாது. ஒரு லாக்குக்கு டில்லர்ல ஒருத்தர், கரையில ரெண்டு பேரு இருந்தா சுகமா இருக்கும். அந்த மூணு பேரு உங்க குடும்பத்துல யாருன்னு விரல் விட்டு எண்ணுங்க. எண்ண முடியலன்னா லாக் இல்லாத ரூட்டா எடுங்க.

எங்க அம்மா லாக் வரும்போதெல்லாம் மடக்கு நாற்காலிய கரையில போட்டு உக்காந்து, போற வர்றவங்க நாய்க்கெல்லாம் பேர் கேட்டுட்டு இருந்தாங்க. இங்கிலீஷ் ஆளுங்க கிட்ட பேச்சுக் குடுக்க நாய விட்டா வேற வழி கிடையாது.

இன்னொன்னு, புக் பண்ணும்போது படுக்க அமைப்பு பாருங்க. சில போட்ல சாப்பாட்டு மேசையதான் ராத்திரி மடக்கி கட்டிலாக்கணும். பெரியவங்களுக்கு தனியா நிரந்தரக் கட்டில், பக்கத்துலயே டாய்லெட் இருக்க போட்டா கேளுங்க.

மொத தடவ போறோம். நேரா ஒரு ரூட் பேரு சொல்லுங்க.

லங்கோலன் கால்வாய். வேல்ஸ் எல்லையில இருக்கு. எல்லாரும் சொல்ற பேருதான், கூட்டமும் உண்டு, இருந்தாலும் என் ஓட்டு அதுக்குதான். ஆனா எங்கேருந்து ஆரம்பிக்கிறீங்கங்கிறதுலதான் சூட்சுமம். நான்ட்விச் பக்கம் ஹர்ல்ஸ்டன்லேர்ந்து லங்கோலன் ஊர் வரைக்கும் சுமார் 44 மைல், 21 லாக், அதாவது போறதுக்கு மட்டும் இருபத்தோரு மணி நேரத்துக்கு மேல, திரும்பி வரணும் வேற. நடுவுல கிரிண்ட்லி ப்ரூக்ல ஆறு லாக் வரிசையா இருக்கு, அதுல மூணு ஒன்னோட ஒன்னு ஒட்டின படிக்கட்டு லாக், சீசன்ல க்யூ நிக்கும். அதுக்கு பதிலா எல்ஸ்மியர் இல்ல ச்சர்க் பக்கம் உள்ள பேஸ்ல (கம்பெனி போட்ட வாடகைக்கு குடுக்குற எடம்) போட் எடுத்தா லங்கோலன் போயி வர்றது ஒரு சின்ன ட்ரிப்பாவே ஆயிரும், எல்ஸ்மியர்லேர்ந்து போனாலும் வழியில ரெண்டே லாக். நாலு நாள் மட்டும் இருக்கவங்களுக்கு இதான் சரி.

ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி பாறைய வெட்டின குறுகலான பாத வரும், ஒரு போட்தான் போக முடியும். ஒருத்தர கரை வழியா முன்னால நடக்க விட்டு எதிர்ல போட் வருதான்னு பாக்க சொல்லணும். பதின்ம வயசு பசங்களுக்கு போன குடுத்து இந்த வேலைய ஒப்படைங்க, அந்த ட்ரிப்லயே அவங்க உற்சாகமா பண்ற ஒரே வேலையா அதுதான் இருக்கும்.

லங்கோலன் கால்வாய்ல வர்ற அந்த உயரமான பாலம் பயமா இருக்குமா?

போன்ட்கசில்ட்டே. 1805ல தாமஸ் டெல்ஃபர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டினது, டீ ஆத்துக்கு மேல 38 மீட்டர் உயரம், 307 மீட்டர் நீளம், 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. ஆத்துக்கு மேல இரும்புத் தொட்டியில கால்வாய் போகுது, அதுல உங்க போட் போகுது. நடைபாத இருக்க பக்கம் கம்பி வேலி உண்டு, இன்னொரு பக்கம் ஒன்னுமே கிடையாது, தொட்டி விளிம்பு, அதுக்கப்புறம் வெறும் காத்து. போட் தொட்டிய விட்டு வெளிய போக வழியே இல்ல, அதனால ஓட்டுறது சுலபம்தான். ஆனா உயரம்னா தல சுத்துறவங்க கேபினுக்குள்ள உக்காந்துக்கலாம், இல்ல நடைபாதையில நடந்து வரலாம், சின்னப் புள்ளைங்க கண்டிப்பா உள்ள. அந்தப் பக்கம் எட்டிப் பாத்து செல்ஃபி எடுக்குற வேலையெல்லாம் வேணாம் லா.

லாக்கே இல்லாத ரூட் இருக்கா?

இருக்கு. ஆஷ்பி கால்வாய், 22 மைல், மேடு பள்ளத்த சுத்தி வளைஞ்சு போற மாதிரி வெட்டினதால லாக் தேவப்படல. வயக்காடு, ஆடு மாடு, நிசப்தம். 1485ல மூணாம் ரிச்சர்ட் ராஜா செத்துப்போன போஸ்வர்த் போர்க்களம் பக்கத்துல இருக்கு. வயசானவங்களுக்கு அருமையா இருக்கும், பதினஞ்சு வயசுப் பசங்களுக்கு ரெண்டாவது நாளே போர் அடிக்கும், அத இப்பவே சொல்லிடறேன்.

வேல்ஸ்ல மன்மத்ஷயர் அண்ட் ப்ரெகன் கால்வாய் இன்னொன்னு, 35 மைல்ல ஆறே லாக். மலையோரமாவே போகும், மத்த கால்வாயோட இணைப்பு இல்லாததால வெளி போட் கூட்டமும் வராது. பிரேசர்ஸ் ஹில், கேமரன் மாதிரி மலை எடங்கள புடிச்சவங்களுக்கு இத சொல்வேன்.

பாத் நகரம் பாக்கணும், போட்லயே போக முடியுமா?

முடியும், கென்னட் அண்ட் ஏவன் கால்வாய்ல. ப்ராட்ஃபர்ட் ஆன் ஏவன்ல போட் எடுத்தா, அந்த ஊர் லாக்குக்கும் பாத்தோட மேல் லாக்குக்கும் நடுவுல ஒம்பது மைல் சுமார் லாக்கே கிடையாது. நாள் முழுக்க வெயில் பட்ட மஞ்சக் கல் வீடு, டன்டாஸ் கால்வாய்ப் பாலம், காடுன்னு போகும். பாத்துக்கு மேலயே திரும்பிருங்க, போட்ட கட்டிட்டு ஊருக்குள்ள நடந்தே போயிரலாம். கீழ இறங்கினா கிட்டத்தட்ட 6 மீட்டர் ஆழமான ஒரு லாக் உண்டு, அதுக்கப்புறம் ஏவன் ஆத்துக்குள்ள போயிரும்.

எதிர்த் திசையில டிவைசஸ் பக்கம் கேன் ஹில்னு 29 லாக் இருக்கு, அதுல 16 ஒரே நேர்கோட்டுல மலையில அடுக்கி வச்ச மாதிரி. அத போட்ல ஏறாதீங்க, போயி பாருங்க. ஏறிட்டு வந்து பெருமையடிக்கிறவங்கள கண்டுக்காதீங்க.

ஆறு இருக்க ரூட்ட ஏன் வேணாங்கிறாங்க?

கால்வாய்ல தண்ணி கிட்டத்தட்ட நிக்கும், பல எடத்துல இடுப்பளவுதான் ஆழம். ஆத்துல ஓட்டம் உண்டு, மழைக்கப்புறம் ஏறும், ஏறினா போட் போகக் கூடாதுன்னு அறிவிப்பு வரும், நீங்க ரெண்டு நாள் ஒரே எடத்துல கட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். நம்ம புள்ளைங்க நெறைய பேருக்கு நீச்சலும் வராது. மொத தடவைக்கு ஆறு வேணாம். கால்வாய்லயும் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டு விடுங்க.

ரிங் நல்லதா, போன வழியிலயே திரும்புறது நல்லதா?

ரிங்னா வட்டமா சுத்தி ஆரம்பிச்ச எடத்துக்கே வர்றது, பாத்தத திரும்ப பாக்க வேண்டியதில்ல. கேக்க நல்லா இருக்கு. ஆனா பாதி தூரம் தாண்டிட்டா பின்வாங்க முடியாது, ஒருத்தருக்கு காய்ச்சல் வந்தாலும், ஒரு லாக் உடஞ்சு மூடினாலும், மழ கொட்டினாலும் சுத்தி முடிச்சே ஆகணும். போன வழியில திரும்புறவங்களுக்கு அந்த டென்ஷன் கிடையாது, எங்க அலுத்துதோ அங்க திருப்பிக்கலாம். அதுவுமில்லாம எதிர்த் திசையில அதே ஊரு வேற மாதிரிதான் தெரியும்.

ஆனா திருப்புறதுக்கு எடம் வேணும். 60 அடி போட்ட 30 அடி கால்வாய்ல நெனச்ச எடத்துல திருப்ப முடியாது, அதுக்குன்னு கரைய அகலப்படுத்தின எடங்கள் மேப்புல குறிச்சிருக்கும். ஒவ்வொன்னுக்கும் எவ்ளோ நீள போட் திரும்பும்னு வரம்பு இருக்கு. உங்க போட் நீளம் எவ்ளோ, எந்தெந்த எடத்துல திரும்பும்னு கம்பெனிகிட்ட கேட்டு மேப்புல வட்டம் போட்டு வாங்கிருங்க.

ரெண்டு குடும்பம், பத்து பேரு. ஒரு பெரிய போட்டா, ரெண்டு சின்ன போட்டா?

ரெண்டு. பத்து பேரு படுக்குற போட் கிடைக்கும், ஆனா அகலம் அதே 7 அடிதான், காலைல ஷவருக்கு நிக்கிற வரிசைய நெனச்சுப் பாருங்க, அதுல நம்ம மச்சான் ஒருத்தர் உள்ள போனா அர மணி நேரம் வெளிய வர மாட்டாரு.

ரெண்டு போட்டுன்னா ரூட்டும் மாறும். லங்கோலன் மாதிரி குறுகலான கால்வாய்ல லாக்கு 7 அடி அகலம், ஒவ்வொரு போட்டா போகணும், ஒவ்வொரு லாக்குக்கும் ரெண்டு மடங்கு நேரம். கென்னட் அண்ட் ஏவன்லயும் கிராண்ட் யூனியன்ல பெரும்பாலான பகுதியிலயும் லாக்கு 14 அடி அகலம், ரெண்டு போட்டும் பக்கத்துல பக்கத்துல ஒரே தடவையில ஏறிரும், வேலைக்கும் ஆள் நெறைய. கதவு மட்டும் கனம்.

பர்மிங்காம்ல கோயில், நம்ம சாப்பாடு எல்லாம் கிடைக்குமாமே?

கிடைக்கும். அந்த ஊருல கால்வாய் வல மாதிரி பின்னிக் கிடக்கு, நடு ஊர்ல கேஸ் ஸ்ட்ரீட் பேசின் பக்கம் கட்டிட்டு எறங்கினா கடை, உணவகம் எல்லாம் நடக்குற தூரம். டிவிடேல்ல இருக்க வெங்கடேஸ்வரா பாலாஜி கோயிலும் கால்வாய்லேர்ந்து தூரமில்ல, பெருமாள கும்பிட்டுட்டு போட்டுக்கு திரும்பலாம். ஆனா எந்தப் பக்கம் வெளிய போனாலும் லாக் வரிச இருக்கு, வுஸ்டர் போற வழியில டார்டபிக்ல 30 லாக், நாட்டுலயே நீளமான வரிச. அதனால இது ரெண்டாவது ட்ரிப்புக்கு.

தீபாவளி லீவுல, இல்ல வருஷக் கடைசியில போலாமா?

வேணாம். சீசன் மார்ச் கடைசியில ஆரம்பிச்சு அக்டோபரோட முடியுது. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழம அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால வைப்பாங்க, அதுக்கப்புறம் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இருட்டிரும், வாடக போட்ட இருட்டுல ஓட்ட விட மாட்டாங்க. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் லாக் ரிப்பேருக்காக பல கால்வாய மூடுவாங்க வேற.

மே, ஜூன் அருமை, ராத்திரி ஒம்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலை கடைசியும் ஆகஸ்ட்டும் அவங்க ஸ்கூல் லீவு, விலையும் கூட்டமும் ஏறும். கோட வறட்சியையும் கணக்குல வைங்க, 2025ல தண்ணி இல்லாம லீட்ஸ் அண்ட் லிவர்பூல் கால்வாய்ல பெரிய பகுதிய மூடினாங்க. புக் பண்ண முன்னாடியும், கிளம்புற வாரத்துலயும் ட்ரஸ்ட்டோட மூடல் அறிவிப்புகள பாருங்க.

லைசென்ஸ், விசா?

போட் ஓட்ட லைசென்ஸ் தேவையில்ல. மலேசிய பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலா விசா வேணாம், ஆனா 2025 ஜனவரிலேர்ந்து இடிஏன்னு ஒரு அனுமதி ஆன்லைன்ல எடுக்கணும், கைக்குழந்தைக்கும் தனியா.

பேஸ் வரைக்கும் எப்படி போறது?

இதையும் ரூட்டோட சேத்தே யோசிங்க. கென்னட் அண்ட் ஏவன்னா கேஎல்லேர்ந்து நேரா லண்டன், பேடிங்டன்ல ரயில் ஏறினா பாத் ஒன்னர மணி நேரம் சுமார், அங்க மாறி ப்ராட்ஃபர்ட். லங்கோலன்னா மான்செஸ்டர்ல எறங்குறது சவுகரியம், பினாங்குக்காரங்க சிங்கப்பூர் வழியா வரலாம், ச்சர்க் ரயில் ஸ்டேஷன் கால்வாய்க்கு பக்கத்துலயே இருக்கு. எப்படி போனாலும் மொத நாள் ராத்திரி ஹோட்டல்ல தூங்கிட்டு போங்க, பதிமூணு பதினாலு மணி நேரம் பறந்த கண்ணோட டில்லர் புடிக்காதீங்க. பெட்டி மெத்துனு மடக்குற பையா இருக்கட்டும், பெரிய சூட்கேஸ வைக்க போட்ல எடமே கிடையாது.

சமையல்?

கேஸ் அடுப்பு இருக்கும், சட்டியில சோறு வடிச்சுக்கலாம். ரைஸ் குக்கர் கொண்டு போறவங்க மொதல்ல போட் எத்தன வாட் தாங்கும்னு கம்பெனிகிட்ட கேளுங்க, போட்ல கரண்டு பேட்டரிலேர்ந்து வருது, பல போட் அத தாங்காது. பாபாஸ் மசாலா தூளு, புளி, அப்பளம் எடுத்துப் போங்க. இறைச்சி, பால் சாமானெல்லாம் இங்கேருந்து கொண்டு போகத் தட, செரண்டிங், டின் ரெண்டாங் எல்லாம் ஏர்போர்ட்லயே போயிரும்.

இவ்ளோ செலவு பண்றதுக்கு அலெப்பி போதாதா?

அலெப்பி படகு வீட்டுல ஓட்ட ஆள், சமைக்க ஆள் எல்லாம் வருது, நீங்க சாஞ்சு உக்காந்து கரிமீன் சாப்பிட்டா போதும், வெல கம்மி, கேஎல்லேர்ந்து கொச்சின் நாலு மணி நேரம். உங்களுக்கு ஓய்வுதான் வேணும்னா அங்கயே போங்க, உண்மையாதான் சொல்றேன். இங்கிலாந்துல ஒரு வார போட் சீசனப் பொறுத்து ஆயிரம் பவுண்டு பக்கம் ஆரம்பிச்சு ரெண்டாயிரத்த தாண்டும், மலேசிய வெள்ளியில பெருக்கினா நெஞ்சு அடைக்கும், ஆறு பேரு பங்கு போட்டா ஹோட்டல் செலவுக்கு கிட்ட வரும். வேல செய்யப் புடிச்ச குடும்பத்துக்குதான் அது.

புக் பண்றதுக்கு முன்னாடி கம்பெனிகிட்ட என்னதான் கேக்கணும்?

டீசல் விலையில சேந்ததா, ஓட்டின மணிக்கு தனியா காசா. டெபாசிட் எவ்ளோ. டாய்லெட் தொட்டி ஒரு வாரத்துக்கு தாங்குமா, இல்ல நடுவுல நாமளே காலி பண்ணணுமா, பண்ணணும்னா நம்ம ரூட்ல எங்க. ரூட் மூடிட்டா வேற பேஸ்லேர்ந்து போட் குடுப்பாங்களா, பணம் திரும்புமா. கடைசி கேள்விக்கு பதில வாயால சொன்னா போதாது, ஈமெயில்ல வாங்குங்க.